புகை பார்க்கிறவர்கள் பிரேக் பார்க்க மாட்டார்களா?

மோட்டார் சைக்கிளின் முன்பக்க பிரேக் பேட் மாற்றுவது பெரிய வித்தை இல்லை. இரண்டு ஸ்பேனர், ஓர் அலன் கீ, ஒரு பழைய பல் பிரஷ், நல்ல வெளிச்சத்தில் முக்கால் மணி நேரம், இவ்வளவு இருந்தால் போதும். ஆனால் வெலிமடையில் இருந்துகொண்டு அந்த வேலையை வீட்டு வாசலில் செய்யப் பார்த்தால் கடை, பெட்டி, கைநூல், போத்தல், ஆணி என்று ஒவ்வொன்றும் குறுக்கே வந்து நிற்கிறது. பிரேக்கை நம்பித்தான் காலையில் வீட்டை விட்டு இறங்குகிறோம். அப்படிப்பட்ட ஊரில் அந்தப் பிரேக்கின் விஷயத்தில் மட்டும் ஏன் இத்தனை அலட்சியம்? கேட்டால் யாருக்கும் அது ஒரு கேள்வியாகவே படுவதில்லை. எனக்கு வயிறு எரிகிறது.

இந்த மண்ணின் இறக்கத்தைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வெலிமடை ஆயிரத்துச் சொச்சம். பேராதனையில் தொடங்கிச் செங்கலடி வரை போகும் ஏ-5 வீதி, சீத்தாஎலிய, ஹக்கலை, ரெந்தபொல, கெப்பெட்டிப்பொல என்று வளைத்து வளைத்து அந்த எண்ணூறு மீட்டரையும் இறக்கிவிடுகிறது. அதைத் தாண்டிப் பதுளைக்குப் போனால் இன்னும் கீழே. இது தார் போட்ட பெரிய வீதியின் கதை. தேயிலைத் தோட்ட டிவிஷன்களுக்குப் போகும் பாதைகளைப் பார்த்தால் பாதிக்குக் கொங்கிரீட், பாதிக்குக் கல், வளைவில் பீலித் தண்ணீர் குறுக்கே ஓடும், மேலேயிருந்து கொழுந்து லொறி வந்தால் ஒதுங்க இடம் இருக்காது. அங்கேயெல்லாம் லீவரில் இரண்டு விரலை வைத்துக்கொண்டேதான் இறங்க வேண்டும்.

வண்டி, ஓட்டுகிறவர், பின்னால் ஒரு மூட்டை என எல்லாம் சேர்த்து இருநூறு கிலோ என்று வையுங்கள். நுவரெலியாவிலிருந்து வெலிமடை வரை இறங்கினால் அந்தப் பாரம் பதினைந்து இலட்சம் ஜூலுக்கு மேல் சக்தியைக் கைவிட்டாக வேண்டும். நாலரை லீட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற சூடு அது. காற்று ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும், டயர் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும், கியரில் இறங்கினால் என்ஜினும் கணிசமாகத் தாங்கும். மிச்சத்தையெல்லாம் விழுங்க வேண்டியவை டிஸ்க்கும், இரண்டு விரல் அகலத்தில் இருக்கிற அந்தப் பேட்களும்தான். புத்தம் புதிதாக இருக்கும்போதே அவற்றின் தேய்கிற பகுதி நாலைந்து மில்லிமீட்டருக்கு மேல் இருக்காது. அது ஒரு மில்லிமீட்டருக்கு இறங்கிவிட்டால் மாற்றியே ஆக வேண்டும். அதற்குப் பிறகு இரும்பும் இரும்பும் உரசும். டிஸ்க்கில் கோடு கோடாகப் பள்ளம் விழும், பேட்டின் விலையோடு டிஸ்க்கின் விலையும் சேர்ந்து தலையில் விழும்.

இங்கே பேட் சீக்கிரம் தீர்வதற்கு இறக்கம் மட்டும் காரணம் இல்லை. 2022 ஐ யாரும் மறந்திருக்க மாட்டோம். 2021 டிசம்பரில் 177 ரூபாவுக்கு விற்ற பெற்றோல் 2022 ஜூனில் 470 ரூபாவுக்குப் போனது. அதுவும் கிடைக்கவில்லை. கியூஆர் அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு நாலு லீட்டர் என்றார்கள். அந்த நாட்களில் இந்த மலையில் ஓடியவர்களில் பாதிப் பேர் இறக்கத்தில் என்ஜினை அணைத்து நியூட்ரலில் விட்டுத்தான் இறங்கினார்கள். பெற்றோல் மிச்சம் என்பது உண்மைதான். ஆனால் என்ஜின் தாங்க வேண்டிய பாரம் முழுவதும் பேட்டின் தலையில் ஏறியது. தட்டுப்பாடு போய்விட்டது, பழக்கம் போகவில்லை. இன்றைக்கும் ஹக்கலை இறக்கத்தில் சத்தமே இல்லாமல் பக்கத்தில் வந்து கடந்து போகும் வண்டிகளைப் பார்க்கிறேன். பார்க்கிற ஒவ்வொரு முறையும் நெஞ்சு திக்கென்கிறது. எந்தக் கியரில் ஏறுவாயோ அந்தக் கியரிலேயே இறங்கு என்று லொறி ஓட்டிய பெரியவர்கள் சொல்லிக்கொடுத்த பாடம் இந்தப் பிள்ளைகளின் காதுக்குப் போய்ச் சேரவே இல்லை.

இன்னொரு பழக்கமும் இருக்கிறது. முன் பிரேக்கைப் பிடித்தால் வண்டி குப்புறக் கவிழ்ந்துவிடும் என்று பயந்து பின் பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டு இறங்குவது. இறக்கத்தில் பாரமெல்லாம் முன்சில்லுக்குத்தான் போகிறது, அங்கேதான் பிடிப்பும் அதிகம். பின்னால் இருக்கிற டிரம் பிரேக்கோ மூடிய பெட்டிக்குள் வெந்துகொண்டிருக்கிறது. வெந்த லைனர் வழுக்கத் தொடங்கியதும் பயத்தில் கை முன் லீவரை ஒரேயடியாக இறுக்குகிறது. எந்தக் கவிழலுக்குப் பயந்தார்களோ அதுவே அப்போது நடக்கிறது. சாரதி அனுமதிப்பத்திரம் எடுக்கும்போது வீதிச் சமிக்ஞைகளை மனப்பாடம் செய்தேன், இலக்கம் எட்டு வளைத்துக் காட்டினேன். இறக்கத்தில் இரண்டு பிரேக்கையும் எப்படிப் பங்கிட்டுப் பிடிப்பது என்று அன்றைக்கு எனக்கு யாரும் சொல்லவில்லை. பேட் எத்தனை மில்லிமீட்டரில் மாற்ற வேண்டும் என்பதையும் சொல்லவில்லை.

வண்டிகளின் வயதையும் பாருங்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு மறுபடி வழி விட்டது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட ஐந்து வருஷமும் புது மோட்டார் சைக்கிள் என்பது கனவு. பழைய வண்டியின் விலை அது புதிதாக வந்தபோது இருந்த விலையைத் தாண்டியது. ஆகவே இந்த மலைப்பாதைகளில் இன்றைக்கு ஓடுகிற வண்டிகள் பத்துப் பதினைந்து வருஷக் கிழடுகள், மூன்று நாலு கை மாறியவை. கெப்பெட்டிப்பொல பொருளாதார மத்திய நிலையத்துக்கு விடிவதற்குள் கரட்டும் லீக்ஸும் கொண்டு போகிறவர், டிவிஷன் பள்ளிக்கூடத்துக்குப் போகிற ஆசிரியை, டவுனில் கடை வேலைக்கு இறங்குகிற லயத்துப் பையன், மனைவியைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போகிறவர், எல்லோரும் இந்தக் கிழட்டு வண்டியில்தான். பஸ் வருகிற நேரத்தை நம்பி யாரும் வேலைக்குப் போக முடியாது என்பதால் வாங்கிய வண்டி, ஆடம்பரத்துக்கு வாங்கியது அல்ல. 2024 இல் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவுக்கு வந்தது. அந்தச் சம்பளத்தில் ஒரு ஜோடி நல்ல பேட்டும் கராஜ் கூலியும் ஒரு நாள் உழைப்பை விழுங்கிவிட்டு இன்னும் கேட்டன. அதனால்தான் வீட்டில் மாற்றப் பார்க்கிறோம். கூலியை மிச்சப்படுத்துவது மட்டும் இல்லை, என் உயிரைத் தாங்குகிற சாமான் எந்த நிலையில் இருக்கிறது என்று என் கண்ணாலேயே பார்த்துவிடலாம் என்கிற ஆசையும்தான்.

சரி, பேட் வாங்கப் போவோம். என்னிடம் இருப்பது இந்தியாவிலிருந்து வந்த நூற்று ஐம்பது சிசி வண்டி, 2014 இல் பதிவானது. டவுனில் ஒரு ஸ்பெயார் பார்ட்ஸ் கடை. முன் பேட் ஒரு செட் வேண்டும் என்றேன்.

“எந்த வருஷம் அண்ணே?”

“2014.”

“அந்த வருஷத்துல ரெண்டு மாதிரி வந்திருக்கே. கலிபர் சின்னதா, பெரிசா?”

“அது எப்படித் தெரியும் நானா?”

“பழைய பேட்டைக் கழட்டிக் கொண்டாங்க. வச்சுப் பார்த்துத் தாறேன்.”

இதில் இருக்கிற அநியாயத்தைக் கொஞ்சம் யோசியுங்கள். பேட் வாங்க வேண்டுமானால் பழைய பேட்டைக் கொண்டு போக வேண்டும். பழைய பேட்டைக் கழற்றினால் வண்டி ஓடாது. வண்டி ஓடாவிட்டால் டவுனுக்கு பஸ்ஸில் போக வேண்டும். பஸ் போதுமானபடி ஓடாததால்தான் வண்டியே வாங்கினோம். இந்த வட்டத்தை உடைக்க என்ன வேண்டும்? வண்டியின் பதிவுப் புத்தகத்தில் செஸி இலக்கம் இருக்கிறது, என்ஜின் இலக்கம் இருக்கிறது. அந்த இலக்கத்தைச் சொன்னால் இந்த வண்டிக்கு இந்தப் பேட் என்று எடுத்துக் கொடுக்கிற ஒரு பட்டியலைக் கடைகளுக்கு அச்சடித்துக் கொடுக்க வண்டி கொண்டு வந்து விற்கிறவர்களுக்கு என்ன கஷ்டம்? ஒரே பேரில் வண்டியை விற்றுவிட்டு நடுவில் கலிபரை மாற்றுகிறார்கள். மாற்றட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. மாற்றியதை வாங்கினவனுக்குச் சொல்ல வேண்டாமா?

பழைய பேட்டைத் தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு திரும்பப் போனபோது மூன்று பெட்டிகள் மேசைக்கு வந்தன. ஒன்று ஒரிஜினல், ஒன்று இந்தியா, ஒன்று சைனா. முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் விலையில் மூன்று மடங்கு வித்தியாசம். எது நன்றாகப் பிடிக்கும் என்று கேட்டேன். “எல்லாம் புடிக்கும் அண்ணே, காசுக்கு ஏத்த மாதிரி” என்றார். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கும் அதற்கு மேல் தெரியாது. கொழும்பில் பஞ்சிகாவத்தையிலிருந்து மொத்தமாக வருகிற பெட்டிகளைத்தான் அவரும் பிரித்து விற்கிறார். நான் பார்த்த மூன்று பெட்டிகளில் இரண்டில் எங்கே செய்தது, எப்போது செய்தது, எத்தனை மில்லிமீட்டரில் கழற்றி எறிய வேண்டும் என்று எதுவுமே இல்லை. பளபளவென்று ஒரு ஸ்டிக்கர் மட்டும் இருந்தது. அந்த ஸ்டிக்கரையும் அச்சடிக்க முடியும் என்று எல்லோருக்கும் தெரியும்.

முறையாகச் செய்த பேட்டின் விளிம்பிலோ முதுகிலோ இரண்டு ஆங்கில எழுத்துகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கம் வகுத்த குறியீடு அது. முதல் எழுத்து, பேட் சாதாரணச் சூட்டில் எவ்வளவு பிடிக்கும் என்பது. இரண்டாவது எழுத்து, நன்றாகக் காய்ந்த பிறகு எவ்வளவு பிடிக்கும் என்பது. ஈ என்றால் குறைவு, எஃப் என்றால் அதைவிட மேல், ஜி இன்னும் மேல், எச் அதற்கும் மேல். சமவெளியில் ஓட்டுகிறவனுக்கு முதல் எழுத்து போதும். எங்களுக்கு இரண்டாவது எழுத்துத்தான் உயிர். ரெந்தபொலையில் ஆறின பேட் நன்றாகப் பிடித்து என்ன பயன், கெப்பெட்டிப்பொலைக்கு வரும்போது அது காய்ந்து கையை விட்டால்? இந்த ஒரு விஷயத்தைக் கடைக்காரருக்கும் வாங்குகிறவருக்கும் சொல்லிக்கொடுத்தாலே போலிகளில் பாதி தானாகத் தெரிந்துவிடும். அந்த எழுத்துகளையும் போலியாகப் பொறிக்கலாம்தான். ஆனால் இப்போது அதைப் பொறிக்க வேண்டிய அவசியம்கூடப் போலிக்காரனுக்கு இல்லை, கேட்கிறவன் யாரும் இல்லாததால்.

பிரேக் ஒயிலுக்கும் இதே கதைதான். அந்த ஒயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் சாதி. டொட் 4 என்று விற்கிற ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறிய பிறகு 155 வரை தாங்கினால் போதும் என்பது தரவிதி. டொட் 3 அதிலும் குறைவு, 205 உம் 140 உம். எங்கள் இறக்கத்தில் கலிபருக்குள் ஒயில் கொதித்துக் குமிழி விட்டால், லீவர் எதிர்ப்பே இல்லாமல் கைப்பிடி வரை வந்து ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு இறக்கத்தில் செய்வதற்கு ஒன்றும் இல்லை, கியரைக் குறைத்து மண்மேட்டைப் பார்த்து விடுவதைத் தவிர. பனியும் மழையும் ஆளை நனைக்கிற ஊரில், மூடியைத் திறந்து பாதி தீர்ந்த போத்தலைத் தட்டில் வைத்திருக்கிற கடைகளை நான் பார்த்திருக்கிறேன். ஒரு கலிபருக்கு வேண்டிய அளவில் சின்ன மூடிய போத்தலாகக் கேட்டால், “அப்படி வாறதில்ல அண்ணே” என்ற பதில்தான்.

இனி வீட்டு வாசல் வேலை. கடைக்குக் கொண்டு போகப் பழைய பேட்டைக் கழற்றியதிலிருந்தே சொல்கிறேன். என் வண்டியின் கலிபரில் பேட் இரண்டையும் பிடித்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு பின். அதன் தலையில் அலன் கீ போகிற ஆறு மூலைக் குழி. கலிபரை ஃபோர்க்கிலிருந்து கழற்றுவதற்கு முன்பே அந்தப் பின்னைத் தளர்த்திக்கொள்ள வேண்டும், கழற்றிவிட்டால் கலிபர் கையில் ஆடும், திருகப் பிடி கிடைக்காது. நானும் அப்படித்தான் கீயை வைத்தேன். கீ வழுக்கியது. டோர்ச் அடித்துப் பார்த்தால் ஆறு மூலையும் தேய்ந்து வட்டமாகிக் கிடக்கிறது. முன்பு யாரோ ஒருவர் அளவு சேராத கீயை வைத்து, சுத்தியலால் தட்டி, பலம் முழுவதையும் போட்டு இறுக்கியிருக்கிறார். குழியின் வாயை மூடி ஒரு சின்ன மூடி இருக்க வேண்டும், சேறும் தண்ணீரும் போகாமல் இருக்க. அந்த மூடி எப்போது போனதோ தெரியவில்லை. உள்ளே துரு. ஊறுகிற ஒயில் அடித்து இரவு முழுக்க விட்டு, மறுநாள் பழைய கீ ஒன்றின் முனையை அராவி இறுக்கமாகத் தட்டி இறக்கி, மெல்ல மெல்லத் திருப்பித்தான் அது அசைந்தது.

கலிபரைத் திறந்தபோது கோபம் இன்னும் ஏறியது. பிஸ்டன் பக்கத்துப் பேட் இரும்பைத் தொடுகிற நிலையில் தேய்ந்திருக்க, வெளிப்பக்கத்துப் பேட் பாதிக்கு மேல் மிச்சம். இந்த மாதிரிக் கலிபரில் பிஸ்டன் ஒரு பக்கம்தான். அது தள்ளும்போது கலிபர் முழுவதும் இரண்டு வழுக்கு ஆணிகளில் நகர்ந்து மறுபக்கத்துப் பேட்டையும் இழுத்து வந்து டிஸ்க்கில் அழுத்த வேண்டும். அந்த ஆணிகள் காய்ந்து இறுகியிருந்தன. கலிபர் நகரவே இல்லை. ஒரு பேட் மட்டும் தனியாக உழைத்துச் செத்திருக்கிறது. அந்த ஆணிகளைக் கழற்றித் துடைத்து, ரப்பர் உறையைக் கெடுக்காத சிலிக்கன் கிறீஸ் கொஞ்சம் பூசிப் போட்டிருந்தால் இரண்டும் சமமாகத் தேய்ந்திருக்கும், பேட்டின் ஆயுளும் கூடியிருக்கும். போன தடவை பேட் மாற்றிய கராஜில் கூலி கொடுத்துத்தான் மாற்றினேன். ஆணிகளைத் தொடவே இல்லை என்பது இப்போதுதான் தெரிகிறது. அவர்கள் செய்ததை நினைத்துப் பார்க்கிறேன். பழைய பேட்டை நெம்பி எடுத்தார்கள், கொம்ப்ரசரால் தூசியை ஊதினார்கள், பெற்றோல் நனைத்த துணியால் துடைத்தார்கள், புதுப் பேட்டைத் திணித்தார்கள். கீச்சென்று கத்துகிறதே என்றதற்கு, “ஓடிக்கிட்டிருந்தா சரியாகும்” என்றார் கராஜ் பாஸ்.

பாஸைத் திட்டி என் ஆதங்கம் தீராது. அவரிடம் வாசலில் வரிசையாக வண்டிகள். பதினாலு பதினைந்து வயதில் ஒரு கராஜில் சில்லுக் கழற்றப் போய், பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்ட தொழில் அவருடையது. பிரேக் தூசியை ஊதக் கூடாது, பழைய லைனர்களில் அஸ்பெஸ்டஸ் இருந்தது, ஈரத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும் என்று அவருக்குச் சொன்னவர் யார்? பெற்றோலும் மண்ணெண்ணெயும் கலிபரின் ரப்பர் வளையத்தை ஊத வைத்துவிடும் என்று எந்த வகுப்பில் அவர் படித்தார்? அந்தத் தூசியை முதலில் மூச்சில் வாங்குகிறவரும் அவரே.

கைநூலைப் பார்த்துச் செய்யலாமே என்பார்கள். இரண்டாம் கை வண்டியோடு கைநூல் வருவதே அபூர்வம். எனக்கு வந்தது. அதில் தமிழில் ஒரு வரி இல்லை. 1987 இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது, எழுதி வைத்திருக்கிறார்கள். இந்த மலையில் ஓடுகிற வண்டிகளில் எத்தனையோ வண்டிகளைத் தமிழ் பேசுகிறவர்கள் ஓட்டுகிறோம், வங்கியிலும் லீசிங்கிலும் கடன் வாங்கிக் காசு கொடுத்து வாங்குகிறோம். கடன் பத்திரத்தில் எங்கே கையெழுத்துப் போடுவது என்று தமிழில் சொல்லத் தெரிகிறவர்களுக்கு பிரேக் பேட் எப்போது மாற்றுவது என்று தமிழில் ஒரு பக்கம் அச்சடிக்கத் தெரியாதா? ஆங்கிலத்தைக் கூட்டிக் கூட்டிப் படித்துப் பார்த்தால், பிரேக் பேட் பற்றிய பக்கத்தில் அனுமதி பெற்ற சேவை நிலையத்துக்குக் கொண்டு போங்கள் என்று ஒரே ஒரு புத்திமதி. பேட் தீர்ந்த வண்டியில் மலை இறங்கியா கொண்டு போவது?

என் அக்கா மகன் பக்கத்தில் குந்தி டோர்ச் பிடித்துக்கொண்டிருந்தான். பிஸ்டனை உள்ளே தள்ளும்போது மேலே லீவர் பக்கத்து டப்பாவில் ஒயில் ஏறும், அதன் மூடியைத் திறந்து சுற்றிலும் துணி கட்டு, சிந்தினால் பெயின்ட்டைத் தின்றுவிடும், உடனே தண்ணீர் ஊற்று என்று சொல்லிக்கொண்டே ஒரு மரத்துண்டை வைத்துப் பிஸ்டனை மெதுவாகத் தள்ளினேன். டிஸ்க்கைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவிக் காய வைத்தோம். அதன் தடிப்பு எத்தனை மில்லிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது என்று டிஸ்க்கிலேயே பொடி எழுத்தில் பொறித்திருக்கும், அதை அவனையே தேடிப் படிக்கச் சொன்னேன். எல்லாம் பூட்டிய பிறகு வண்டியை நகர்த்துவதற்கு முன் லீவரைப் பல தடவை அழுத்தி இறுக்கம் வருகிறதா என்று பார்க்க வைத்தேன். அதை மறந்து உருட்டிப் போகிறவனுக்கு முதல் வளைவில் பிரேக்கே இருக்காது. புதுப் பேட் டிஸ்க்கோடு பழகும் வரை பெரிய இறக்கம் வேண்டாம், சமதரையில் மெதுவாகப் பிடித்துப் பிடித்து ஓட்டு என்றும் சொன்னேன்.

“இதெல்லாம் உங்களுக்கு யார் மாமா சொல்லித் தந்தது?” என்று கேட்டான்.

யாரும் சொல்லித் தரவில்லை. பழுதான சாமான்களையும் வெளிநாட்டுக்காரர்கள் எழுதியவற்றையும் பார்த்துப் பொறுக்கிக்கொண்டது. அவன் பள்ளிக்கூடத்தில் தொழில்நுட்பப் பாடம் படிக்கிற பிள்ளை. என்ஜினின் நாலு அடி இயக்கத்தைப் படம் வரைந்து பாகம் குறிக்கத் தெரியும். தான் பின்னால் ஏறிப் போகிற வண்டியின் கலிபருக்குள் என்ன இருக்கிறது என்று அன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்தான்.

2025 செப்டெம்பர் 4 ஆம் திகதி இரவு எல்ல - வெல்லவாய வீதியில் சுற்றுலா வந்த பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் போனார்கள். அதன் பிறகு கொஞ்ச நாள் நாடு முழுவதும் பிரேக்கைப் பற்றியும் கியரைப் பற்றியும் பேசினார்கள். நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. மலைகள் சரிந்து, பாதைகள் அறுந்து, உயிர்கள் போய், ஊரே வேறு துயரத்தில் மூழ்கியது. பாதையில் இறங்கிய மண்ணும் மணலும் சில்லில் ஒட்டிக் கலிபருக்குள் புகுந்து பேட்டை அரைக்கும் என்று அந்தத் துயரத்தின் நடுவில் யார் யோசித்தார்கள்? யோசிக்க வேண்டியவர்கள் யோசித்திருக்க வேண்டும். இலங்கையில் வருஷத்துக்கு இரண்டாயிரம் பேருக்கு மேல் வீதியில் சாகிறார்கள். அதில் மோட்டார் சைக்கிளில் போனவர்களே பெருந்தொகை. பஸ் விழுந்தால் செய்தி. ஒரு பையன் தனியாக வளைவை விட்டு இறங்கினால், வேகமாய்ப் போயிருப்பான், குடித்திருப்பான் என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறோம். அவனுடைய பேட்டில் எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் இருந்தது என்று விசாரிக்கிற ஆளை நான் பார்த்ததில்லை.

2008 இலிருந்து ஒவ்வொரு வருஷமும் வண்டியைப் புகைப் பரிசோதனைக்குக் கொண்டு போகிறோம். அந்தச் சான்றிதழும் காப்புறுதியும் இருந்தால்தான் வருமான அனுமதிப்பத்திரம் கிடைக்கும். பஸ்ஸுக்கும் வாடகை லொறிக்கும் தகுதிச் சான்றிதழ் என்று ஒன்று இருக்கிறது. மோட்டார் சைக்கிளுக்கு அது கிடையாது. அதாவது என் வண்டியை அரசாங்கத்தின் பேரில் ஒருவர் பார்க்கிற ஒரே இடம் அந்தப் புகை நிலையம்தான். புகை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், இந்த மலைக் காற்றும் எங்களுடையதுதான். ஆனால் வண்டியை நிறுத்தி, சைலன்சருக்குள் குழாயைச் செருகி, கணினி எண் காட்டும் வரை சும்மா நிற்கிற அந்த நேரத்தில், அதே ஆள் குனிந்து முன்சில்லுப் பக்கம் டோர்ச் அடித்தால் இரண்டு பேட்டின் தடிப்பும் வெளியிலிருந்தே தெரியும். கலிபரைக் கழற்ற வேண்டியதில்லை.

இம்முறை போனபோது அங்கே வேலை செய்கிற பையனிடம் கேட்டேன்.

“தம்பி, முன் பேட்டையும் ஒருக்கா பார்த்துச் சொல்லுங்களேன்.”

பையன் நல்லவன், உடனே குனிந்து பார்த்தான். “நல்லாத்தான் இருக்கு அண்ணே. ஆனா இதை எழுத ஃபோர்ம்ல இடம் இல்ல” என்றான்.

அந்த ஃபோர்மில் முன் பேட்டுக்கு ஒன்று, பின் லைனருக்கு ஒன்று என்று இரண்டு கட்டம் போடுங்கள். போதாது என்று தெரிந்தால் வண்டியை மடக்கி வைக்க வேண்டாம், அபராதமும் வேண்டாம். மாற்ற வேண்டும் என்று மூன்று மொழியிலும் எழுதிக் கையில் கொடுத்து, ஒரு மாதத்துக்குள் மாற்றிக் காட்டச் சொல்லுங்கள். பேட் பெட்டியில் எந்த வண்டி, எந்த வருஷம், எத்தனை மில்லிமீட்டர் என்று மூன்று மொழியிலும் அச்சடிக்காதவர்களுக்குத் துறைமுகத்திலேயே அனுமதி கொடுக்காதீர்கள். அடுத்த வருஷம் நான் வண்டியைக் கொண்டு போகும்போது அந்தப் பையனிடம் மறுபடி கேட்பேன். அவனிடம் எழுத இடம் இருக்க வேண்டும்.